பாலம் வேண்டாம்மா

“நேரா பாலத்துல போகச் சொன்னா, எதுக்குப்பா இடது பக்கம் திருப்பற?”

பின் சீட்டிலிருந்து வந்த அதட்டலில் டாக்ஸி டிரைவரின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றது.

“பாலத்துல டிராஃபிக்கும்மா. சுத்து வழியில போயிடலாம்.”

“சுத்து வழின்னா முக்கால் மணி நேரம்! என் பொண்ணை லேபர் ரூமுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. ஆஸ்பத்திரி அந்தக் கரையில இருக்கு. பாலத்தைத் தாண்டினா பத்தே நிமிஷம்!”

வண்டியில் ஏறியதிலிருந்து அந்த அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை. இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நகர்ந்துகொண்டே, போனில் யார் யாரையோ கூப்பிட்டு, “பேரன்! இல்லேன்னா பேத்தி! ஏதோ ஒண்ணு வரப்போகுது!” என்று கூவிக்கொண்டு வந்தார்.

“இல்லம்மா... பாலத்துல வேலையும் நடக்குது.”

“இப்பத்தானே டிராஃபிக்னே? அதோ பாரு, பாலம் காலியாக் கிடக்கு. மீட்டர் ஏறணும், அதானே? எவ வலியில துடிச்சா உனக்கென்ன!”

டிரைவர் பாலம் ஏறும் இடத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினான். டயர் பஞ்சர் என்ற மூன்றாவது பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதற்குள் அவர் போன் அலறியது. மருமகன்தான். அவன் குரல் முன் சீட் வரை கேட்டது.

“அத்தை, எங்க இருக்கீங்க? ‘அம்மா எங்க, அம்மா எங்க’ன்னு உங்களையே கேட்டுக்கிட்டிருக்கா!”

அதைக் கேட்டதும் டிரைவருக்கு அந்தப் பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை.

“அம்மா... எனக்குப் பாலம்னா பயம்.”

“என்னது?”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள், நடுப்பாலத்துல திடீர்னு மூச்சு அடைச்சுது. கை மரத்துப் போச்சு. செத்தோம்னே நெனச்சேன். நெஞ்சுல ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா அன்னிலேர்ந்து பாலத்துல வண்டியை ஏத்தணும்னாலே உடம்பு உதறுது. காரணமே இல்லாத பயம்மா. வெளியில சொன்னா சிரிப்பாங்க. என் சம்சாரத்துக்கே தெரியாது.”

‘நீயெல்லாம் ஒரு டிரைவரா?’ என்று இப்போது கேட்பார் என எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

பின் கதவு திறந்து, படாரென்று மூடியது. வேறு வண்டி பிடிக்கப் போகிறார்.

மறுநொடி அவன் பக்கத்துக் கதவு திறந்தது.

“தள்ளி உட்காரு.”

“அம்மா?”

“அந்த சீட்டுக்குப் போப்பா. நான் ஓட்டறேன்.”

“உங்களுக்கு...”

“லைசென்ஸ் இருக்கு. பட்டிமன்றம் நடத்த நேரமில்ல, நகரு!”

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி கிளம்பியது.

“கண்ணை மூடிக்கோ தம்பி. ஆனா வாயை மூடாதே. பேசிக்கிட்டே வா.”

“என்னத்தம்மா பேசறது?”

“எதையாவது! உன் கல்யாணக் கதையைச் சொல்லு.”

டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தான். “பதட்டத்துல செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டேம்மா. ஒண்ணு என்னுது, ஒண்ணு எங்க அண்ணனுது. ரெண்டுமே இடது கால்.”

“அப்புறம்?” அந்த அம்மாவின் சிரிப்பு ஊரையே கூட்டியது.

“மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதோ கோளாறுன்னு பொண்ணு வீட்டுல குசுகுசுன்னு...”

காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. நடுப்பாலம்! நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. அவன் பேச்சு நின்றது.

“ஏன் நிறுத்தினே? பேசு! பேசுப்பா!” என்று கத்தினார் அவர். பின்னால் நாலைந்து ஹாரன்கள் அலறின. “அவனுங்க கிடக்கறானுங்க. நீ சொல்லு. அப்புறம்?”

“அப்புறம்... அவதாம்மா கண்டுபிடிச்சா. குனிஞ்சு பார்த்துட்டு சிரிச்சா பாருங்க, ஒரு சிரிப்பு! இன்னிக்கு வரைக்கும் நிறுத்தல.”

“தம்பி, கண்ணைத் திற.”

திறந்தான். பாலம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“அம்மா! தாண்டிட்டோம்!” சட்டை தொப்பலாக நனைந்திருக்க, டிரைவர் சீட்டிலேயே துள்ளினான்.

“தாண்டிட்டோம்டா தம்பி!” அவரும் கூவினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மருமகன் ஓடி வந்தான். “அத்தை! பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!”

எந்தக் கதவிலிருந்து அத்தை இறங்குகிறார் என்பதை அப்போதுதான் கவனித்தான். வாய் பிளந்தது.

“நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?”

“பாலம் பூரா அம்மாதான் சார்!” என்றான் டிரைவர் பெருமையாக. “எனக்குப் பயம்னு சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. எனக்காகப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தாங்க.”

“யோவ், பதினோரு வருஷம் முன்னாடி அத்தை கார் ஓட்டும்போது பெரிய ஆக்ஸிடென்ட். அதுக்கப்புறம் அத்தை ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லைய்யா! லைசென்ஸை மட்டும் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு பீரோவுல வைப்பாங்க. ஏன் ஓட்டலேன்னு கேட்டா, கண் சரியாத் தெரியலேம்பாங்க.”

டிரைவர் திகைத்துப்போய்த் திரும்பினான்.

படியேறிக்கொண்டிருந்த அந்த அம்மா நின்றார். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பயம்னு வாய்விட்டுச் சொன்ன ஒரு ஆளை இன்னிக்குத்தான் பார்த்தேன் தம்பி. அதுலதான் எனக்கும் தைரியம் வந்துச்சு. பேசிக்கிட்டே வரச் சொன்னது உனக்காகன்னா நெனச்சே?”