ஒப்புதல் வராத ஓலை

சுஜின் மூன்றாவது தடவையாக பிரிஜாவின் நிரலைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

‘ரிலீஸ் வேறு, டிஸ்ட்ரிபியூஷன் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே’ என்று கீழே ஒரு வரி. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு எழுதுகிற வரியா அது?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனிடமிருந்து வரும் அலுவலக அறிவிப்புகளை எல்லாம் வியாழக்கிழமையே ஊமையாக்கிவிட்டாள்.

இன்று ஞாயிறு. முதல் பூசைக்குப் போய்வந்து, காப்பி குடித்துவிட்டு, வேண்டாவெறுப்பாக லேப்டாப்பைத் திறந்தாள். மதிலுக்கு அந்தப்பக்கம் கோயில். இரண்டாம் பூசை முடிகிற நேரம், ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஏட்டி, ஒனக்க ஓலைய வாசிக்கப் போறாவ. அந்தப் பெட்டிய மூடி வச்சிட்டுக் கேளு” என்றாள் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா குளோரி.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. பெண் வீட்டுக் கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் வாசிக்க வேண்டும். இன்று முதல் ஓலை.

இன்று தவறினால் மூன்று ஞாயிறு கிடைக்காது. கல்யாணம் நடத்தாத திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பிறகு கிறிஸ்துமஸ் கழிந்துதான் கல்யாணம். மஸ்கட்டிலிருந்து வருகிற அண்ணன் லிஜோவின் லீவு அதற்குள் தீர்ந்துபோகும். அண்ணன் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று அவள் எப்போதோ சொல்லியாகிவிட்டது.

“அருமனைப் பங்கைச் சேர்ந்த சகாயம் மகன் சுஜினுக்கும், நமது பங்கைச் சேர்ந்த கபிரியேல் மகள் பிரிஜாவுக்கும்...”

கேட்கக் கேட்க அவளுக்குக் காது சூடானது. கூடவே வேறொன்றும் உறைத்தது.

கல்யாணம் ஒன்று. ஓலை இரண்டு.

கல்யாணத்துக்குத் தேதி ஒன்றுதான். ஓலைக்குக் கோயில் வேறு, நேரம் வேறு, வாசிக்கிறவர் வேறு. மென்பொருளும் அப்படித்தானே. புது எண்ணோடு வெளியாவது ரிலீஸ், அது ஒன்று. அதே எண்ணில் விண்டோஸுக்கு ஒரு கோப்பு, லினக்ஸுக்கு ஒரு கோப்பு என்று போகிறவை டிஸ்ட்ரிபியூஷன்கள். எண்ணும் தேதியும் ரிலீஸுக்குச் சொந்தம். எந்தக் கணினிக்கு, என்ன அளவு என்பதெல்லாம் கோப்புக்குச் சொந்தம்.

இதைத்தான் அந்த முசுடு மூன்று தடவை சொல்லியிருக்கிறான்.

ரிலீஸுக்கு ஒரு பட்டியல், கோப்புகளுக்கு ஒரு பட்டியல் என்று கடகடவென்று பிரித்து எழுதினாள். எழுதியதைச் சோதிக்கத் தன் கல்யாணத்தையே ரிலீஸாக எடுத்துக்கொண்டாள். அதன் கீழே இரண்டு கோப்பு வேண்டும் என்று குறித்து, முதல் கோப்பாக இந்தக் கோயிலின் ஓலையைச் சேர்த்து ஓடவிட்டாள்.

‘முழுமையாகவில்லை. ஒரு கோப்பு வரவில்லை’ என்றது திரை.

சிரித்தாள். அருமனை ஓலையைச் சேர்க்கப் போன கை அப்படியே நின்றது.

அவன் ஓலையைக் கொடுத்தானா? கேட்கவே இல்லையே.

ஊமையாக்கி வைத்திருந்ததைத் திறந்தாள். வியாழன் சாயங்காலத்திலிருந்து உச்சியில் கிடந்தது: ‘அருமனைக் கோயிலுக்கான ஓலை. பார்த்து ஒப்புதல் தரவும்.’

மற்றவர் பார்த்து ஒப்புதல் தராமல் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் அலுவலகத்து விதி. சுஜினுக்கு அது பதினோராம் கட்டளை. கல்யாணம் நிச்சயமானபின் சேலை நிறம், வேன், பந்திக்கு எத்தனை கூட்டு என்று எல்லாவற்றையும் இதே வழியில்தான் அனுப்பினான். அவளும் விளையாட்டாக ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போன் போட்டாள். அருமனையில் பூசை அரைமணி நேரம் பிந்தித்தான் தொடங்கும், ஓலை இன்னும் வாசித்திருக்க மாட்டார்கள். கோயில் முற்றத்தின் சத்தத்தோடு அவன் எடுத்தான்.

“ஓலைய குடுத்தியா?”

“நீ இன்னும் ஓக்கே சொல்லலியே மக்கா.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமெல்லாம் தன்மேல்தான். பெயர்களைப் பார்த்தாள், ஊர்களைப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். இப்போது போனாலும் அவன் ஓடிப்போய்ப் பங்குச்சாமியார் கையில் கொடுத்துவிடலாம்.

திரையில் வட்டம் சுற்றியது. இந்தக் கடற்கரை ஊரில் நெட் எப்போதும் இப்படித்தான், அவசரத்துக்கு உதவாது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“சுஜின், போவல. நெட் இல்ல. நீ ஓடு, ஓடிப்போய்க் குடு.”

போனுக்குள் ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது.

“நமது பங்கைச் சேர்ந்த சகாயம் மகன் சுஜினுக்கும், மண்டைக்காடு பங்கைச் சேர்ந்த கபிரியேல் மகள் பிரிஜாவுக்கும்...”

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கோயிலிலும் தன் பெயரைக் கடைசிவரை கேட்டாள். அம்மா பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்பக் குடுத்த?”

“வியாழக்கெழம காலைல.”

அவளிடம் ஒப்புதல் கேட்டதே அன்று சாயங்காலம்தான். ஒரு கமாவைக்கூட அவள் பார்க்காமல் வெளியே விடாதவன்.

“நான் ஓக்கே சொல்லாம எப்பிடிலே குடுத்த?”

முற்றத்தின் சத்தத்தைவிட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது.

“நான் ஒனக்கத மூணு தடவ திருப்பி அனுப்பினேம்லா” என்றான். “நீயும் இத ஒரு தடவ திருப்பி அனுப்பீட்டா நான் என்ன செய்ய?”

திரையில் வட்டம் நின்று, ஒப்புதல் போனதற்கான பச்சைக் குறி விழுந்தது. சாயங்காலம்வரை அவள் அதை அவனிடம் சொல்லவில்லை.