ஊர்ப் பக்கம் போகாத லாரி

புதிதாக லாரி லைசென்ஸ் எடுத்த வெர்னன், மூன்றாவது கம்பெனியிலும் அதையே கேட்டான்.

"முதல் நாள்லேருந்தே என் பொண்டாட்டி கூட வரணும். விடுவீங்களா?"

"விடுவோம். ஆனா சம்பளம் கம்மி. உங்கள லீவுல வீட்டுக்கு அனுப்பவே ரெண்டு மூணு மாசமாகும்," என்றாள் ஆளெடுக்கும் பெண். "அதுக்குப் பயந்தே புது டிரைவருங்க ஓடிப்போயிடறாங்க."

"எங்க ஊர் துல்சா பக்கமே அனுப்பாம இருக்க முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசுல தேனிலவா சார்?"

வெர்னனும் சிரித்து வைத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

காரில் லோரீன் மாவுக்கட்டுப் போட்ட கையோடு காத்திருந்தாள்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. திங்கட்கிழமை கெளம்புறோம்."

அவள் உடைந்து அழுதாள். "பெத்த புள்ளைக்குப் பயந்து ஓடுறோமே, வெர்ன்!"

"புதன்கிழமை ஜெயில்லேருந்து வர்றான், லோரீன். இந்தத் தடவை உன் கைய ஒடைக்கறதோட நிறுத்த மாட்டான்."