மழை கழுவிய இரும்பு

ராத்திரி கொட்டிய மழைக்குப் பிறகு ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தேவாலயத் திடல் வெயிலில் பளபளக்கிறது. குழாய் பதிக்க நாங்கள் தோண்டிய பள்ளத்தின் ஓரம், பாதி புதைந்து கிடக்கும் துருப்பிடித்த உருளை இரும்பின்மேல், ஊர் பார்க்க வந்த பவேரியாக்கார அம்மா ஒருத்தி ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளும் கோபுரமும் ஒரே படத்தில் அடங்கவேண்டுமென்று புருஷன் கேமராவோடு பின்னால் பின்னால் நகர்கிறார். "கொஞ்சம் சிரியேன் ரோஸ்விதா! துக்க வீட்டுக்கா வந்திருக்கே?" பழைய கொதிகலன் என்று நினைத்து ஒரு வாரமாக நாங்களும் அதன்மேல் உட்கார்ந்துதான் ரொட்டி தின்கிறோம். இன்றைக்கு மழை மண்ணை அரித்து அதன் வால் பக்கத்தைக் காட்டியிருக்கிறது. அதில் தகட்டு இறக்கைகள். உலகப்போரில் விமானம் போட்டு, வெடிக்காமல் போன குண்டு. பொக்லைனில் இருக்கும் டெட்லெஃப் என் முகத்தைப் பார்க்கிறான், அதைப் பார்க்கிறான், எஞ்சினை அணைக்கிறான். புறாச் சத்தம் மட்டும் கேட்கிறது.

"அம்மா, மெதுவா எழுந்து வாங்க." "தடுப்பைத் தாண்டினதுக்கு இவ்வளவு கோபமா தம்பி? ஒரே ஒரு படம்." "கோபமில்லைம்மா. கையைக் குடுங்க." என் குரலில் என்ன கேட்டதோ, கொடுக்கிறாள். ஐஸ்கிரீம் உருகி இருவர் விரல்களுக்கும் நடுவே வழிகிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்க்கிறாள். "அது மேலயா நான்..." என்கிறாள். அந்த இரும்பின் முதுகில் நாலைந்து தழும்புகள் துருவுக்கு நடுவே மின்னுகின்றன. நேற்று, வளைந்த கம்பியை அங்கே வைத்துத்தான் நான் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தினேன்.