காலர் அக்கா கேட்ட கடிதம்

அரசாங்கம் கூலியை உயர்த்திய செய்தியைச் சூப்பர்வைசர் படித்து முடித்ததும், தையல் கூடத்தில் மெஷின்கள் எல்லாம் நின்று கைத்தட்டல் கேட்டது. காலர் தைக்கும் அக்கா மட்டும் கை தட்டவில்லை. சூப்பர்வைசருக்குப் பின்னாலேயே அவர் அறைக்குள் வந்து நின்றாள்.

"ஸ்வீட் எங்கேம்மா? நாப்பது நாள் வெயில்ல கொடி பிடிச்சு, நினைச்சதைச் சாதிச்சுட்டியே."

"சார், என்னை ஹெல்பரா இறக்கிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "பன்னெண்டு வருஷம் காலர் தைச்ச கை, இனிமே நூல் வெட்டப் போகுதா?"

"சம்பளம் குறைஞ்சா போதும்."

"ஹெல்பருக்கும்தான் ஏறியிருக்கு. உன் பழைய சம்பளத்தைவிட அது இப்ப ஜாஸ்தி. அதுக்குக் கீழே இங்கே வேலையே கிடையாது."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போராட்டத்தப்போ என்னை வேலையை விட்டு நீக்கி ஒரு லெட்டர் அடிச்சீங்களே. நான் அழுததைப் பார்த்து டிராயர்ல போட்டீங்க. இருக்கா சார்?"

"இருக்கு. பயப்படாதே, வெளியே எடுக்க மாட்டேன்."

"இன்னைக்குத் தேதி போட்டுக் குடுங்க."

பையிலிருந்து மகனின் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து வைத்தாள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ், இலவசம். குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டினால் அட்டை செல்லாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. கூலியை உயர்த்திய அரசாங்கம் அந்த வரம்பைத் தொடவில்லை.

அவர் டிராயரைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் சார்," என்றாள். "வேலை இல்லாதவ பிள்ளைன்னாத்தான் நாளைக்கு அவனை மெஷின்ல படுக்க வைப்பாங்க."