தலை திருப்பும் அப்பா

"ஐயா, மகன்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் குடிக்கணும். நீங்க அப்பா. நீங்க ஏன் திருப்புறீங்க?"

டைரக்டர் மா பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வயதில் பெரியவர் முன்னால் சின்னவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பதுதான் கொரிய மரியாதை.

அப்பாவாக நடிக்கும் தொக்பே நரைத்த தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். மகனாக நடிக்கும் சங்மோ மறுபடி சோஜு மதுவை ஊற்றினார். அப்பா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக் குடித்தார். மறுபடியும் கட். பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். அதற்கே இந்தப் பாடு.

கதை எழுதிய தாம்ஹி ஒவ்வொரு டேக்கையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தொடரின் உயிரே இந்தக் காட்சிதான். வருஷக்கணக்காகப் பேசாத அப்பாவும் மகனும் தெருவோரக் கூடார மதுக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்கள். வசனமே கிடையாது. 'மன்னிச்சிடு' என்று எழுதினால் சப்பென்று இருக்கும். ஒருவர் கிளாஸை இன்னொருவர் நிரப்பினால் போதும், பார்க்கிற வீட்டிலெல்லாம் கண் கலங்கிவிடும். சின்ன வயதில் இப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்துச் சொக்கிப் போய்த்தான் அவள் எழுதவே வந்தாள்.

டைரக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே தடவை. அதிலும் சொதப்பினால் காட்சியைத் தூக்கிவிட்டு, இருவரும் போனில் சமாதானமாவதாக எடுத்துவிடுவாராம். போனிலா! தாம்ஹிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் நாடகக் குழுவிலிருந்து இந்த மனிதரை முந்தாநாள் சிபாரிசு செய்து கூட்டிவந்த சங்மோ மேல் கோபம் கோபமாக வந்தது.

சங்மோ எழுந்து தொக்பேயைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

கேமரா ஓடியது. மகன் முகத்தைத் திருப்பிக் குடித்தான். அப்பா திரும்பவில்லை. மகனையே பார்த்தபடி ஒரே மடக்கில் குடித்தார். கண் நிறைந்துவிட்டது. லைட்காரர் மூக்கை உறிஞ்சினார். டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனார். தான் எழுதியதைவிடப் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று தாம்ஹிக்குப் புல்லரித்தது.

ஓடிப்போய் சங்மோவிடம் கேட்டாள். "அவ்வளவு பெரியவர்கிட்ட அப்படி என்ன சார் சொன்னீங்க?"

"பெரியவரா? தலைதாம்மா நரைச்சிருக்கு, என்னைவிட நாலு வயசு சின்னவன் அவன். 'அண்ணன் சொல்றேன், மறுபேச்சு பேசாம என் மூஞ்சியைப் பார்த்துக் குடிடா'ன்னு ஒரு அதட்டு அதட்டினேன்."