காற்றில்லாத முன்பாய்

வலங்கைமான் சாலையோரத்தில் காயவைத்த நெல்லைக் குவித்து, அதன்மேல் ஆரஞ்சு நிறப் படகுப்பாய் ஒன்றைப் போர்த்தியிருக்கிறார் ஜாபிர். துபாயில் படகுப்பாய் தைக்கும் பட்டறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். மெல்லிய காற்றுக்கு அகலமான ஜெனோவா, நல்ல காற்றுக்கு ஜிப், புயலுக்கு மட்டும் முரட்டுத் துணியில் இந்தச் சின்ன முக்கோணம் என்று படகின் முன்பக்கம் கட்டும் முன்பாய்களை விரலால் தொட்டே சொல்லிவிடுவார். இது, ஆளில்லாமல் கரைக்குத் திரும்பிய ஒரு படகிலிருந்து கழித்துப் போட்டது. நெல் மூட ஆகுமென்று ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். மடிப்புகளில் இன்னும் உப்பு வெளுத்திருக்கிறது. இரண்டு முனைகளில் கருங்கல் வைத்து, மூன்றாவது முனையின் கயிற்றை இடப்பக்கத்துப் பூவரசில் கட்டியிருக்கிறார். வலப்பக்கத்து வேம்பில் அவருடைய சைக்கிள் சாய்ந்திருக்கிறது. மேற்கே மேகம் கறுத்து நிற்கிறது. வைக்கோல் துரும்புகூட அசையவில்லை. ஆனால் பாய் மெல்ல உப்புகிறது. "காத்தே இல்லையே, எப்படிங்க இது எழும்புது?" என்கிறாள் மனைவி ஃபஹ்மிதா. "உள்ள நெல்லு சூடா இருக்கும்ல, அதான். மழை வருது, நீ போய் சாக்கை எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, குனிந்து சிதறிய நெல்லைக் கூட்டுகிறார். முதுகுக்குப் பின்னால் படாரென்று துணி அடிக்கிறது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். படகைத் திருப்பும்போது ஓர் ஆள் கயிற்றை அவிழ்த்து, முன்பாயை மறுபக்கம் இழுத்துக் கட்டுகிற சத்தம் அது. துடைப்பத்தைப் பிடித்தபடி நிமிராமல் நிற்கிறார். சாக்கோடு வந்த ஃபஹ்மிதா கேட்கிறாள்: "பூவரசுல நல்லாத்தானே கட்டியிருந்தீங்க, எதுக்குங்க வேம்புக்கு மாத்துனீங்க?"