அரைக்கட்டை

முதல் வரி முடிவதற்குள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

அவன் மட்டும் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடார் வாசிக்கிறவனுக்கு என்ன தெரியும்!

திறந்து பார்த்தபோது டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்திருந்தார். பாடுகிறவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குப் புதியவர், பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, கீபோர்டு வாசிக்கிற பெண்தான் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணா, உங்க கிடார் சுருதி அரைக்கட்டை இறங்கியிருக்கு.”

அவனுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

பெங்களூருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த ஒரு பேண்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியிருந்தான். அங்கே கல்யாண ரிசப்ஷனில் அவனுடைய பேண்ட் ராக் வாசிக்க ஆரம்பித்தால் கூட்டம் எழுந்து சாப்பிடப் போய்விடும், பந்தி சீக்கிரம் நிரம்பும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமையல்காரருக்கு அவர்கள் மேல் வருத்தம் உண்டு.

டியூனரைப் பார்க்காமல், காதால் கேட்டே சுருதி சேர்த்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம். அந்தக் கர்வம்தான் இன்று அவன் காலை வாரிவிட்டது. பதற்றத்தில் காது பழகிய இடத்துக்கே போய்விட்டது.

பழகிய இடம், ஜெசிந்தாவின் இடம்.

ஜெசிந்தா அவன் மனைவி. ஊரில் இருந்த அவர்கள் பேண்டில் பாடியவளும் அவள்தான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வந்தது, பாட்டும் வந்தது. பாட்டின் உச்சம் மட்டும் வரவில்லை. அவர்கள் வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டில், உச்சிக்கு ஏறும் வரி வரும்போதெல்லாம் குரல் உடையும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும்.

ஒரு நாள் ரிகர்சலுக்கு அவள் வருவதற்கு முன்பே ஆறு தந்திகளையும் அரைக்கட்டை இறக்கி வைத்தான். பேஸ் கிடார் வாசிக்கிற சேவியரின் காதிலும் போட்டு இறக்க வைத்தான்.

அன்று ஜெசிந்தா அந்த வரியைப் பாடினாள்.

உடையாமல் பாடினாள். பாடிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு தந்திகள் ஏறவே இல்லை. கீபோர்டில் சுருதியை இறக்கினால் அதன் திரை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஆசைப்பட்டு வந்த இரண்டு கீபோர்டுக்காரர்களை ஏதேதோ சொல்லித் திருப்பி அனுப்பினான். கீபோர்டைக் கண்டாலே ஆகாத கிறுக்கன் என்று ஊரில் பேர் வாங்கினான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

இப்போது எல்லோரும் காத்திருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருகுகளைத் திருகினான். ஒவ்வொரு தந்தியாக ஏறியது.

பிறகு வாசித்தான். கண்ணைத் திறந்துகொண்டே வாசித்தான். நன்றாகவே வாசித்தான்.

பாடுகிறவர் வந்து தோளில் தட்டினார். “சேந்துக்கங்க. உங்க வொய்ஃப் பாடுவாங்கன்னு சொன்னீங்களே, அடுத்த மாசம் வந்ததும் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பின்பாட்டுக்கு ஆள் வேணும்.”

அவளுக்கும் இடம் உண்டா என்று அவன்தான் கேட்டு வைத்திருந்தான். கேட்டபோது அரைக்கட்டை ஞாபகத்தில் இல்லை. பின்பாட்டுப் பாட வருகிறவளுக்காக இத்தனை பேர் இறங்கி வருவார்களா?

இங்கே அவள் பாடுவாள். குரல் உடையும். அத்தனை நாளும் தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று, யார் யாரோ நிற்கிற ஓர் அறையில் அவளுக்குத் தெரியவரும். அதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அறையில் இருந்தபோது போன் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள் என்றான். ஜெசிந்தா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் பாட்டை வாசிக்கச் சொன்னாள். அதே பாட்டு. இங்கே வந்ததும் அதைத்தான் பாடிக் காட்டப்போகிறாளாம்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்தான். கிடாரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். நகத்தால் தொட்டும் தொடாமலும் தந்தியைச் சுண்டியபடி, முதல் திருகை மெல்லத் தளர்த்தினான். இரண்டாவதையும் தளர்த்தினான்.

“இந்தத் தடவ எறக்காதீய.”

அவன் விரல்கள் திருகிலேயே நின்றுவிட்டன.

இந்தத் தடவையா?

அப்படியென்றால் அந்த முதல் நாள்? பாடிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு? அவனுக்கு அழுகை வந்தது.

போன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். தளர்த்திய இரண்டு தந்திகளையும் அவளுக்குக் கேட்கும்படி ஏற்றினான்.

ஜெசிந்தா பாடினாள்.

அந்த வரி வந்தது.

குரல் உடைந்தது.

அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. உடைந்த இடத்திலிருந்தே அடுத்த வரியை எடுத்தாள். பாட்டு முடியும் வரை பாடினாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.

போனில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.